"சுகம் சார்" என்றே சொன்ன நோயாளி

தேனி, தென்காசி, நாகர்கோவில் என்று எங்கெங்கிருந்தோ நர்சிங் முடித்து கொச்சிக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை ஆனால் மட்டாஞ்சேரியில் என் வீட்டுப் படியேறி, "அக்கா, சாயா உண்டா?" என்று இங்கத்துப் பாஷையில் கேட்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நீங்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். கொரோனா காலத்து ஐ.சி.யூ. எப்படி இருந்தது? வாயால் சொன்னால் நடுவில் போனை நோண்டுகிறீர்கள். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன். படித்தால் படியுங்கள், இல்லாவிட்டால் உங்கள் பாடு.

எந்த மெஷினை எப்படி ஓட்டுவது என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அதற்கு உங்களுக்கு வகுப்பு இருக்கிறது. நான் சொல்ல நினைப்பது அந்த நோயாளிகளைப் பற்றி.

நிமோனியாக்காரர்களை நான் வருஷக்கணக்கில் பார்த்தவள். மூச்சு வாங்கும், கழுத்து நரம்பு புடைக்கும், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நம்மை ஒரு பார்வை பார்ப்பார்கள். பார்த்த உடனே நம் கால் தானாக ஓடும். கொரோனா அப்படியில்லை, அது கள்ள நோய். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அடிமட்டத்தில் கிடக்கும், ஆளோ போனில் மருமகளிடம் மீன் விலை கேட்டுக்கொண்டிருப்பார். நெற்றியில் ஒரு சுருக்கம் இருக்காது. "எனக்கு ஒண்ணுமில்ல, எப்போ வீட்டுக்கு விடுவீங்க?" என்று சிரித்த மனிதர், நாம் அடுத்த படுக்கைக்குப் போய்த் திரும்புவதற்குள் கண் செருகிக் கிடப்பார். அதனால் முகத்தை நம்பாதே, விரலில் மாட்டிய கருவி காட்டுகிற நம்பரை நம்பு என்று எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். நல்ல பாடம்தான். அந்த நம்பரும் சில நேரம் ஆளை ஏமாற்றும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் ஆறுமுகம் அண்ணன்.

ஆறுமுகம் அண்ணன் கார்ப்பரேஷனில் துப்புரவுத் தொழிலாளி. வீடு சுள்ளிக்கல் பக்கம். அவருடைய அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்தவர். இவர் பிறந்தது வளர்ந்தது எல்லாம் கொச்சியில். தெருவெல்லாம் கதவடைத்துக் கிடந்த நாட்களிலும் வண்டி தள்ளிப் போனவர், அதில்தான் நோய் பிடித்திருக்க வேண்டும். எங்களிடம் வந்தபோது எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் வெளுத்துப் போயிருந்தன. மூக்கையும் வாயையும் மூடி வாரால் இறுக்கிக் கட்டுகிற மாஸ்க் வைத்து, மெஷினால் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தோம். அதற்கு மேல் ஒரு படிதான் பாக்கி. தொண்டைக்குள் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் போடுவது.

அந்தப் படியைப் பற்றி உங்களுக்கு ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த நாட்களில் அதில் ஏறியவர்களில் பலர் இறங்கி வரவில்லை. ஆனால் ஏற்ற வேண்டியவரை ஏற்றாமல் தாமதித்தாலும் ஆள் போய்விடுவார். இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் நாங்கள்.

முடிவெடுக்க வேண்டியவர் எங்கள் பெரிய டாக்டர். பெயர் வேண்டாம். அவருக்குப் புகழ் பிடிக்காது, எனக்கு அவரிடம் திட்டு வாங்கப் பிடிக்காது. திருச்சூர்க்காரர், மதுரையில் படித்தவர், அதனால் தமிழ் நன்றாகவே வரும். கோபம் எந்தப் பாஷையிலும் வரும். நல்ல மனிதர், ஆனால் அந்த மாதங்களில் சரியாகச் சாப்பிடாமல், சரியாக உறங்காமல், கண் குழிந்து பாதியாகியிருந்தார்.

ஆறுமுகம் அண்ணனிடம் ஒரு விசித்திரம். தனியாகப் படுத்திருக்கும்போது நம்பர் பரவாயில்லாமல் நிற்கும். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தால் சட்டென்று விழும். "எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்பார். "ஒரு கொழப்பமும் இல்ல சார், சுகம்" என்று அண்ணன் பதில் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் மானிட்டர் அலறத் தொடங்கும். நாங்கள் ஓடிப் போய் மாஸ்க்கைச் சரிசெய்து வாரை இறுக்குவோம். 'சிறு அசைவைக்கூடத் தாங்க முடியவில்லை' என்று டாக்டர் முகம் சுருங்கும். மறுபடி நம்பர் மெல்ல மெல்ல ஏறுவதற்குள் வேறு யாராவது போவார்கள், மறுபடி விழும்.

குப்புறப் படுக்கச் சொன்னாலும் இதே கதை. கொரோனா நுரையீரலுக்குக் குப்புறப் படுத்தால் காற்று நன்றாகப் போகும். அண்ணன் தலையாட்டிவிட்டுக் குப்புறப் படுப்பார். யாராவது கிட்டே போனால் டக்கென்று புரண்டு எழுந்து உட்காருவார்.

ஒருநாள் காலை ரவுண்ட்ஸில் நம்பர் அதுவரை விழாத அளவுக்கு விழுந்தது. ஒரு வென்டிலேட்டர் அப்போதுதான் காலியாகியிருந்தது. எப்படிக் காலியானது என்று கேட்காதீர்கள்.

"டியூப் இட்டிடலாம் சிஸ்டரே," என்றார் பெரிய டாக்டர். "இனியும் காத்தா ஆளு கையை விட்டுப் போயிடும். வீட்டுல கூப்பிட்டுச் சொல்லுங்க."

வீட்டில் மனைவி பேச்சியம்மாள் மட்டும்தான். அவர்களுக்கும் நோய் தொற்றி, வீட்டுக்குள்ளேயே தனியாக இருந்தார்கள். போன் செய்து மெதுவாகச் சொன்னேன். அழுகையை எதிர்பார்த்தேன். அந்த அம்மா கேள்விதான் கேட்டார்கள்.

"அவரு என்ன சொல்றாரு சிஸ்டர்?"

"அவர் சுகம்னுதான்மா சொல்றார்."

"யார்கிட்ட?"

"டாக்டர்கிட்டதான்."

"அய்யோ, அத நம்பாதீங்க! பெரிய ஆளுங்ககிட்ட அவரு எப்பவும் அப்படித்தான் சொல்லுவாரு. கால்ல ஆணி கேறி செருப்பெல்லாம் ரத்தம். மேலதிகாரி கேட்டப்போ தலைத்துண்ட அவுத்துக் கையில பிடிச்சுட்டு, சுகம் சார்னு நின்ன மனுஷன். எங்கிட்ட வந்து நொண்டி நொண்டி ஒரு வாரம் திட்டுனாரு. நீங்க போனை அவருகிட்ட குடுங்க, எங்கிட்டதான் உள்ளது சொல்லுவாரு."

டியூப் போடுவதற்கு முன்னால் கொடுக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். தலைத்துண்டு என்ற சொல் மனசில் எங்கோ சிக்கிக்கொண்டது. என் அப்பாவும் கார்ப்பரேஷன் தொழிலாளிதான். அதிகாரி வந்தால் அவர் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

குழாய் போடுவதற்கு மருந்தெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டே கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தேன். எங்கள் துப்புரவுக்காரி லீலா சேச்சி துடைப்பானோடு அண்ணன் படுக்கைப் பக்கம் போனாள். உங்களுக்குத் தெரியுமே, அந்தப் பாதுகாப்பு உடையைப் போட்டால் தலை முதல் கால் வரை எல்லாரும் ஒரே வெள்ளை மூட்டை. நெஞ்சில் மார்க்கர் பேனாவால் ஆங்கிலத்தில் பேர் எழுதிக்கொள்வோம், அவ்வளவுதான் அடையாளம். அண்ணனுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது, தமிழானால் எழுத்துக் கூட்டிப் படிப்பார். லீலா சேச்சி கிட்டே போனதும் அவர் கை தூக்கி, மாஸ்க்கின் வாரைத் தளர்த்தி, மாஸ்க்கைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, பாதி எழுந்து, தலை குனிந்தார். அவள் பக்கத்துத் தரையைத் துடைத்து முடிக்கும்வரை அப்படியே பிடித்திருந்தார். மானிட்டர் அலறியது.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. மனுஷன் மாஸ்க்கைக் கழற்றியதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம். பதில் சொல்ல வாய் வேண்டுமே, அதற்காகக் கழற்றுகிறார் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் பதில் சொல்லக் கழற்றவில்லை, மரியாதைக்குக் கழற்றினார். பெரிய ஆள் கண்ணை விட்டு மறையும்வரை திரும்ப மாட்டக்கூடாது என்பது அவர் கணக்கு. எங்கள் வெள்ளை மூட்டைகள் எல்லாமே அவருக்குப் பெரிய ஆள்தான். புரண்டு எழுந்து உட்கார்ந்ததும் அதற்குத்தான். முதுகைக் காட்டிப் படுத்தால் அதிகாரியை மதிக்காதது போலல்லவா! இந்த மனுஷனை ஆயுசு முழுக்க எத்தனை பேர் இப்படி நிற்க வைத்திருப்பார்கள் என்று எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

பெரிய டாக்டரிடம் ஓடினேன். கையுறை மாட்டிக்கொண்டிருந்தவர் அதைப் பாதியில் விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்க் கழட்டறதாலதான் விழுதுன்னு உறப்பா, நிச்சயமா சொல்வீங்களா? நுரையீரல் தோத்துப் போயும் விழலாம் இல்லியா?"

"ரெண்டும் இருக்கலாம் டாக்டர். கழட்டாம இருந்தா எப்படி நிக்குதுன்னு நாம பார்க்கவே இல்லையே."

"நாம தப்பா இருந்தா?"

அதுதான் கேள்வி. தப்பாக இருந்தால் பேச்சியம்மாளுக்கு நான்தான் மறுபடி போன் செய்ய வேண்டும். "தெரியல டாக்டர்" என்றேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் அவர் செய்ததைத்தான் உங்களைக் கவனிக்கச் சொல்கிறேன். "சரி, உங்க பேச்சைக் கேக்கறேன்" என்று என் தலையில் பாரத்தைக் கட்டவில்லை. "நர்ஸுக்கு என்ன தெரியும்" என்று தள்ளவும் இல்லை. "சாயங்காலம் வரைக்கும் பார்க்கலாம்," என்றார். "மாஸ்க் இருந்தும் நம்பர் நிக்கலேன்னா, மூச்சு வேகமானா, பேச்சு கொழஞ்சா, அந்த நிமிஷம் டியூப். அப்போ நீங்களும் வாதம் பண்ணக்கூடாது, நானும் யோசிக்க மாட்டேன்." குழாய், மருந்து எல்லாம் படுக்கைப் பக்கத்திலேயே இருக்கட்டும் என்றார். காத்திருப்பது என்றால் சும்மா இருப்பதில்லை. எது நடந்தால் காத்திருப்பை நிறுத்துவோம் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்வது.

பிறகு டாக்டரே போய் அண்ணனிடம் கண்டிப்பாகச் சொன்னார். "மாஸ்க்கைக் கழட்டவே கூடாது. கேட்டுதா?"

அண்ணன் மாஸ்க்கைக் கழற்றி, "சரி சார்" என்றார்.

டாக்டர் என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். திரும்பச் சொன்னோம், கும்பிட்டுச் சொன்னோம். தலையாட்டுவார், அடுத்த ஆள் வந்ததும் கை தானாகப் போகும். ஒரு ஆயுசுப் பழக்கத்தை ஒரு உத்தரவில் மாற்ற முடியுமா? கையைக் கட்டிவைக்கலாம் என்று ஒருத்தி சொன்னாள். ஏற்கெனவே கைகட்டி நின்ற மனுஷன், அவரை நாமும் கட்டுவதா என்று அவள் மேல் விழுந்தேன்.

அந்தக் கோபத்தில்தான் எனக்கு யோசனை தோன்றியது. மார்க்கரை எடுத்தேன். டாக்டர் நெஞ்சில் இருந்த பேரை அடித்துவிட்டு, பெரிய எழுத்தில் தமிழில் எழுதினேன்.

"எந்தா சிஸ்டரே எழுதறீங்க?"

"துப்புரவுப் பணி."

அவர் குனிந்து நெஞ்சைப் பார்த்துக்கொண்டார். பிறகு சிரித்தார் பாருங்கள், கண்ணில் மாட்டிய கண்ணாடியெல்லாம் ஆவி மூடிவிட்டது. அவர் சிரித்து எத்தனை நாளாகியிருந்ததோ. அண்ணன் படுக்கைப் பக்கம் போகிற எல்லார் நெஞ்சிலும் அதையே எழுதினேன். லீலா சேச்சி மட்டும் அடம் பிடித்தாள். "டாக்டர் கிளீனராயிட்டாரில்லே, அப்போ எனக்கு டாக்டர்னு எழுது!"

குரலை மாற்ற வேண்டுமா என்று டாக்டர் கேட்டார். வேண்டாம் என்றேன். டாக்டராக நின்றபோது அவர் பேசியதே இரண்டு வார்த்தை, அதுவும் மானிட்டரைப் பார்த்து. அந்தக் குரலை யார் ஞாபகம் வைத்திருக்கப் போகிறார்கள்? இதைச் சொன்னதும் அவர் முகம் ஒரு மாதிரி ஆனது. சொன்னது சொன்னதுதான் என்று விட்டுவிட்டேன்.

லீலா சேச்சியின் துடைப்பானை வாங்கிக்கொண்டு எங்கள் பெரிய டாக்டர் அண்ணன் படுக்கைப் பக்கம் போனார். நான் அடுத்த படுக்கைப் பக்கம் போய் நின்றுகொண்டேன். அண்ணன் பார்த்தார். நெஞ்சில் எழுதியதை எழுத்துக் கூட்டிப் படித்தார். கை அசையவே இல்லை! படுத்தபடியே புருவத்தை உயர்த்தி, விரல்களைக் குவித்து வாய்ப் பக்கம் கொண்டுபோய், சாப்பிட்டியா என்று ஜாடையில் கேட்டார்.

டாக்டர் இல்லையென்று தலையாட்டினார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. மாஸ்க்குக்கு உள்ளிருந்தே அதட்டினார்.

"சோறு திங்காம பணி எடுத்தா நீயும் இங்க வந்து கெடப்ப. யாரும் கேக்க மாட்டாங்க. நம்மதான் பாத்துக்கணும்."

நம்பர் நின்றது. கொஞ்ச நேரம் நின்று, மெல்ல ஒரு படி ஏறவும் செய்தது. டாக்டர் துடைப்பானைச் சாய்த்து வைத்துவிட்டு, பக்கத்தில் குனிந்து, "உங்களுக்கு எப்படி அண்ணே இருக்கு?" என்றார்.

அண்ணன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பெரிய ஆள் யாரும் இல்லை.

"சுகமே இல்ல தம்பி. நெஞ்சுல பாறாங்கல்ல வெச்ச மாதிரி இருக்கு. அதுகூடத் தாங்கிக்கலாம், இந்த எடது கெண்டைக்கால் ரெண்டு நாளா வலிச்சு உயிர் போகுது. நீ டாக்டர்மார்கிட்ட சொல்லிராத. பாவம், அவங்களுக்கு ஆயிரம் பணி."

டாக்டர் போர்வையை விலக்கிக் காலைத் தொட்டார். வீங்கிச் சிவந்து சூடாக இருந்தது கால். கொரோனா கடுமையாகத் தாக்கியவர்களின் இன்னொரு குணம் அது, ரத்தம் கட்டி கட்டியாக உறையும். காலில் உறைந்த கட்டி கழன்று நுரையீரலுக்குப் போனால் ஒரு நொடியில் ஆள் போவார். உறையாமலிருக்க எல்லாருக்கும் ஒரு சின்ன அளவு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தோம்தான். அது இவருக்குப் போதவில்லை. உடனே ஸ்கேன் மெஷினை உருட்டிக்கொண்டு வந்து பார்த்தோம். கட்டி இருந்தது. மருந்தின் அளவை ஏற்றினோம். அன்று குழாயை இறக்கிவிட்டு மயக்கத்தில் போட்டிருந்தால், கால் வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு வாயே இருந்திருக்காது.

"குப்புறப் படுங்க அண்ணே, நல்லதுன்னு டாக்டர் சொல்றாங்க" என்று அந்தத் துப்புரவுக்காரர் சொன்னார். அண்ணன் படுத்தார். யார் போனாலும் வந்தாலும் அசையவில்லை. நடுவில் ஒருமுறை மட்டும் தலையைத் திருப்பி, "இன்னைக்கு டாக்டர்மாருக்கெல்லாம் லீவா?" என்று என்னிடம் கேட்டார். "எல்லாரும் பிஸி அண்ணே" என்றேன்.

சாயங்காலம் டாக்டர் மானிட்டருக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். மூச்சை எண்ணினார். அண்ணனிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார், பேச்சு தெளிவாக இருந்தது. பிறகு என்னிடம் வந்து, "அந்த மருந்தெல்லாம் திரும்ப வெச்சிடுங்க சிஸ்டரே" என்றார். நான் பேச்சியம்மாளுக்குப் போன் செய்தேன். "குழாய் இப்போ வேண்டாம்மா" என்றதும் அந்தத் தைரியசாலி அப்போதுதான் ஓவென்று அழுதார்கள். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

இதைக் கேட்டுவிட்டு நாளைக்கு எல்லாருக்கும் டியூபைத் தள்ளிப் போட நிற்காதீர்கள், கொன்றுவிடுவேன். அதே வாரம் வேறொருவருக்கு ஒரு நிமிஷம்கூடக் காத்திராமல் டியூப் போட்டோம். அதனால்தான் அவர் பிழைத்தார். முன்னால் கிடக்கிற ஆளைப் பார்த்து முடிவெடுங்கள், நேற்றுப் பிழைத்தவரைப் பார்த்து அல்ல.

பொய்தானே அக்கா என்று கேட்பீர்கள். பொய்தான். டாக்டருக்கும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அண்ணன் தேறி, வார்டுக்கு மாற்றுகிற அன்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தயாராக வந்தார். சக்கர நாற்காலியில் இருந்த அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, நீ டெம்பரரிதானே? பார்த்தாலே தெரியுது. பயப்படாத. எங்க யூனியன்காரங்ககிட்ட பேசி உன்ன நிரந்தரமாக்க முடியுமான்னு பாக்கேன். இந்த மாதிரி அடுத்தவன் கால் வலிய டாக்டர்கிட்ட போய்ச் சொன்ன பையனுக்கு நல்லதுதான் நடக்கணும்."

உண்மையைச் சொல்ல வந்த எங்கள் பெரிய டாக்டர், "சரி அண்ணே" என்றார், அவ்வளவுதான்.

அண்ணன் வீட்டுக்குப் போய், சில வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். ஓ.பி.யில் டாக்டர் பெயர்ப்பலகையோடு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நானும் வேண்டுமென்றே அங்கே போய் நின்றுகொண்டேன். அண்ணனும் பேச்சியம்மாளும் உள்ளே வந்தார்கள். டாக்டர் எழுந்து நின்று, "வாங்க அண்ணே" என்றார்.

அந்தக் குரலைக் கேட்டு அண்ணன் அப்படியே நின்றுவிட்டார். டாக்டரைப் பார்த்தார், பெயர்ப்பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேச்சியம்மாள் ஒன்றும் புரியாமல் அவர் முழங்கையைப் பிடித்தார்கள்.

"நான்தான் அண்ணே," என்றார் டாக்டர். "நீங்க என்கிட்ட உண்மை சொல்லணும்னுதான் அப்படி வந்தேன். மன்னிக்கணும்."

அண்ணனுக்கு முகம் கறுத்தது. அவ்வளவுதான், மறுபடி பழைய ஆளாகிவிட்டார், இனி இந்த ஜென்மத்தில் இவரிடமிருந்து ஒரு உண்மை வராது என்றே நினைத்தேன். டாக்டரும் அதைத்தான் பயந்திருக்க வேண்டும். குரல் தடுமாற, "இப்போ எப்படி இருக்கு?" என்றார்.

அண்ணன் நாற்காலியை இழுத்தார். டாக்டருக்கு நேர் எதிரே நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சுகமில்ல சார்," என்றார். "மாடிப்படி ஏறினா மூச்சு முட்டுது. உறக்கம் இல்ல. வாய்க்கு ருசி இல்ல. நீங்க எழுதுன அந்தப் பெரிய மாத்திரை வயித்த எரிக்குது. இன்னும் இருக்கு, எழுதிக்கிடுங்க."

டாக்டர் பேனாவை எடுத்து எழுதத் தொடங்கினார். எத்தனையோ பேர் அவர் காலில் விழுந்து நன்றி சொன்னதைப் பார்த்திருக்கிறேன். ஒரு நோயாளி குறை சொல்லக் கேட்டு அந்த மனிதர் முகம் அப்படி மலர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.